மடையிலா, அணைக்கட்டிலா? கிட் ஹூக்கை எங்கே வைப்பது

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையை எடுத்துக்கொள்வோம். அரிசி ஆலைகளுக்கும் வாழைத்தார் மண்டிகளுக்கும் பில் போடுகிற மென்பொருளை ஆறு பேர் எழுதுகிறார்கள். மூன்று பேர் அறைக்கு வருகிறார்கள். மற்ற மூவருக்கும் அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் என்று அவரவர் வீட்டிலிருந்தே வேலை. இரண்டு பேரிடம் விண்டோஸ், மூன்று பேரிடம் உபுண்டு, ஒருவரிடம் மேக். பெரும்பகுதி பிஎச்பி, அறிக்கைகளுக்குப் பைத்தான், திரைக்கு ஜாவாஸ்கிரிப்ட். இவர்களுக்கு நான்கு சோதனைகள் வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ரெப்போவுக்குள் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு) போகக் கூடாது. தொடரமைப்புப் பிழை உள்ள பிஎச்பி கோப்பு கமிட் ஆகக் கூடாது (மாற்றத்தை வரலாற்றில் பதிவதுதான் கமிட்). கமிட் செய்தியில் வேலை எண் இருக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் உள்ள கோப்புகள் யூடிஎஃப்-8இல்தான் இருக்க வேண்டும்.

கங்கைகொண்டான் ஐடி பூங்காவிலோ மத்தளம்பாறையிலோ இருக்கிற பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனி ஆட்களை வைத்துக்கொள்ள முடியும். ஆறு பேர் குழுவில் அது நடக்காது. யாரோ ஒருவர் அரை நாளில் அமைத்துவிட்டு, பிறகு அதை மறந்துவிடும்படி இருக்க வேண்டும்.

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட். நான்கையும் அதன் ஹூக் வழியாகச் செய்யலாம். குறிப்பிட்ட பெயரில் வைத்த ஒரு ஸ்கிரிப்ட்தான் ஹூக். கிட் அந்தக் கட்டத்துக்கு வரும்போது அதை ஓட்டும். ஸ்கிரிப்ட் பூஜ்யம் திருப்பினால் வேலை மேலே போகும். வேறு எண் திருப்பினால் அங்கேயே நிற்கும். கமிட்டுக்கு முன் ஓடுவது ப்ரீ-கமிட். செய்தியைப் பார்ப்பது கமிட்-எம்எஸ்ஜி. கமிட்டுகளைச் சர்வருக்கு அனுப்பும் புஷ்ஷுக்கு முன் ப்ரீ-புஷ். சர்வரில் ப்ரீ-ரிசீவ், அப்டேட், போஸ்ட்-ரிசீவ். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஹூக்குகளை நிர்வகிக்கும் கருவிகளில் ஹஸ்கியா, லெஃப்ட்ஹூக்கா, ப்ரீ-கமிட் கட்டமைப்பா என்ற கேள்வியில்தான் பலரும் தொடங்குகிறார்கள். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது இடத்தை. தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். அங்கே ஷட்டர் நீர்வளத் துறையின் கையில். வயலுக்கு வந்தால் மடை. அதைத் திறப்பதும் அடைப்பதும் வயல்காரர் விருப்பம். நம் கம்ப்யூட்டரில் ஓடும் ஹூக் மடை. சர்வரில் ஓடும் ஹூக் அணைக்கட்டு. கிட் கமிட்டோடு “--நோ-வெரிஃபை” என்று சேர்த்துத் தட்டினால் ப்ரீ-கமிட், கமிட்-எம்எஸ்ஜி இரண்டும் ஓடாது. அதே சொல்லைப் புஷ்ஷோடு சேர்த்தால் ப்ரீ-புஷ் ஓடாது. இரவு பத்து மணிக்கு மண்டிக்காரர் போனில் காத்திருக்கும்போது “சவத்த விடுல, நேரமாச்சு” என்று யாரும் அதைத் தட்டிவிடுவார்கள். இது ஒழுக்கக் கேடும் இல்லை; கிட் வேண்டுமென்றே கொடுத்திருக்கும் வழி. ஆகவே மீறினால் பெரிய நஷ்டம் தரும் விதியை மடையில் மட்டும் வைக்கக் கூடாது. நேரத்தை மிச்சப்படுத்துகிற சோதனையை அணைக்கட்டில் மட்டும் வைப்பதும் தவறு. ஒரு காற்புள்ளி விட்டுப்போனதைப் புஷ் செய்த பிறகு அறிவதில் யாருக்கும் லாபம் இல்லை.

கையால் வைப்பது

ரெப்போவின் “.கிட்” அடைவுக்குள் “ஹூக்ஸ்” என்று ஓர் அடைவு இருக்கிறது. மாதிரிக் கோப்புகள் “.சாம்பிள்” என்ற பின்னொட்டோடு அங்கேயே கிடக்கும். பின்னொட்டை நீக்கி, ஓடும் அனுமதி கொடுத்தால் ஹூக் தயார். ஒருவர் மட்டும் வேலை பார்க்கும் ரெப்போவுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

குழுவுக்கு இது உதவாது. “.கிட்” அடைவு கமிட்டுக்குள் வராது, குளோனோடும் (சர்வரிலிருந்து ரெப்போவை முழுதாக நகலெடுப்பது) போகாது. அது குறையில்லை, காவல். குளோன் செய்த உடனே அடுத்தவர் ஸ்கிரிப்ட் நம் மெஷினில் தானாக ஓடுமென்றால் எந்த ரெப்போவையும் நம்பி இறக்க முடியாது. “இனிட்.டெம்ப்ளேட்டிர்” அமைப்பால் குளோன் செய்யும்போதே ஹூக்குகளை நகலெடுக்க வைக்கலாம். ஆனால் நகல் நகல்தான். மூலத்தைத் திருத்தினால் ஏற்கெனவே குளோன் செய்த ரெப்போக்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. ஆறு பேரிடம் ஆறு விதமான ஹூக் இருக்கும். இந்த வழியை விட்டுவிடலாம்.

கோர்.ஹூக்ஸ்பாத்: சிறிய குழுவின் முதல் தேர்வு

2016 ஜூனில் வந்த கிட் 2.9 முதல், ஹூக்குகளை எந்த அடைவில் தேட வேண்டும் என்று நாமே சொல்லலாம். ரெப்போவின் வேரில் “.கிட்ஹூக்ஸ்” என்று ஓர் அடைவு உண்டாக்கி, ஸ்கிரிப்டுகளை அதில் வைத்து, மற்றக் கோப்புகளைப் போலவே கமிட் செய்யுங்கள். ஒவ்வொருவரும் குளோன் செய்த பிறகு ஒரே ஒரு முறை “கிட் கான்ஃபிக் கோர்.ஹூக்ஸ்பாத் .கிட்ஹூக்ஸ்” என்று தட்ட வேண்டும். அதன்பின் ஹூக்கில் செய்யும் திருத்தம், புதிய கமிட்டுகளை இறக்கும் கிட் புல்லோடு எல்லாருக்கும் போய்விடும். வெளிக் கருவி இல்லை. இறக்கவோ பதிப்பு பார்க்கவோ ஒன்றுமில்லை. மலையடிவாரத்தில் மொபைல் நெட் இழுக்கும் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி.

அந்த ஒரு கட்டளையை யாராவது மறப்பார்கள். ப்ராஜெக்டைத் தொடங்கும் செட்டப் ஸ்கிரிப்ட், மேக்ஃபைல், கம்போசர் நிறுவல் என்று எல்லாரும் எப்படியும் ஓட்டுகிற ஒன்றில் அதைச் சேர்த்துவிடுங்கள். ரீட்மி கோப்பில் எழுதி வைத்தால் மட்டும் போதாது.

இந்த வழியில் நிகழும் பிழைகள் எல்லாம் சத்தமில்லாதவை. அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஓடும் அனுமதி. விண்டோஸில் உருவாக்கிக் கமிட் செய்த ஸ்கிரிப்டுக்கு அந்த அனுமதி இருக்காது. உபுண்டுக்காரர் புல் செய்ததும், ஹூக் ஓடும் அனுமதி இல்லாததால் தவிர்க்கப்பட்டது என்று கிட் ஒரு வரிக் குறிப்பு தரும். கமிட் வழக்கம்போல் நடந்துவிடும். அந்த வரியைப் படிப்பவர் குறைவு. விண்டோஸிலிருந்தே “கிட் அப்டேட்-இண்டெக்ஸ் --சிஎச்மோட்=+எக்ஸ்” என்று கோப்பின் பெயரோடு கொடுத்துக் கமிட் செய்தால் அனுமதி ரெப்போவிலேயே பதிவாகிவிடும்.

அடுத்தது வரி முடிவு. விண்டோஸ் எடிட்டர் வரியின் கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் குறியைச் சேர்த்துவிட்டால், ஸ்கிரிப்டின் முதல் வரியில் உள்ள ஷெல்லின் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) பெயரோடு அது ஒட்டிக்கொள்ளும். லினக்ஸ் அப்படி ஒரு ஷெல்லைத் தேடி, “அப்படி ஒரு கோப்பு இல்லை” என்று சொல்லும். கோப்பு கண் முன்னே இருக்கும், ஆனாலும் இல்லை என்று வரும். “.கிட்ஆட்ரிபியூட்ஸ்” கோப்பில் “.கிட்ஹூக்ஸ்” அடைவுக்கு “இஓஎல்=எல்எஃப்” என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

ஷெல்லே வேறாக இருப்பது மூன்றாவது. விண்டோஸுக்கான கிட்டில் வரும் “எஸ்எச்” உண்மையில் பேஷ். உபுண்டுவில் அதே பெயர் டேஷ் என்ற வேறொரு ஷெல்லைக் குறிக்கும். இரட்டைச் சதுர அடைப்புக்குறி, அரே போன்றவை டேஷுக்குத் தெரியாது. விண்டோஸில் ஓடிய ஹூக் உபுண்டுவில் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மேக்கில் “கிரெப்”புக்கு “-பி” விருப்பம் கிடையாது. “செட் -ஐ” கட்டளை கூடுதலாக ஒரு மதிப்பைக் கேட்கும். பேஷ் வேண்டுமென்றால் முதல் வரியிலேயே பேஷ் என்று எழுதுங்கள். இருபது வரிக்கு மேல் போனால் பைத்தானில் எழுதுவது நல்லது.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. ஹூக்ஸ்பாத் சார்பு முகவரியாக இருந்தால், அப்போது செக்அவுட் ஆகியிருக்கும் (டிஸ்கில் எடுத்து வைத்திருக்கும்) பிராஞ்சின், அதாவது கிளையின், ஹூக்தான் ஓடும். இரண்டு வருடம் பழைய பிராஞ்சுக்குப் போய் அவசரத் திருத்தம் செய்தால் அங்கே “.கிட்ஹூக்ஸ்” அடைவே இருக்காது, எந்தச் சோதனையும் நடக்காது, எந்த எச்சரிக்கையும் வராது. அதே காரணத்தால், வெளியாள் அனுப்பிய பிராஞ்சைச் செக்அவுட் செய்து அதில் கமிட் செய்தால் அவர் எழுதிய ஹூக் உங்கள் மெஷினில் ஓடும். வெளியாட்களின் பங்களிப்பை ஏற்கும் ரெப்போவுக்கு இந்த வழி பொருந்தாது.

பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் நீட்டிப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எல்எஃப்எஸ் தன் ப்ரீ-புஷ் ஹூக்கை “.கிட்/ஹூக்ஸ்” அடைவில்தான் முன்பே வைத்திருக்கும். ஹூக்ஸ்பாத்தை மாற்றிய நொடியே கிட் அந்த அடைவைப் பார்ப்பதை நிறுத்திவிடும். அப்புறம் புஷ் செய்தால் சுட்டிக் கோப்புகள் மட்டும் போகும், பெரிய கோப்புகள் போகாது. அடுத்தவர் புல் செய்யும்போதுதான் தெரியவரும். உங்கள் ப்ரீ-புஷ் ஸ்கிரிப்டில் “கிட் எல்எஃப்எஸ் ப்ரீ-புஷ்” அழைப்பை, வந்த மதிப்புகளோடு சேர்த்து எழுதிவிடுங்கள். கிட் தரும் உள்ளீட்டை உங்கள் சோதனை முதலில் படித்து முடித்துவிட்டால் எல்எஃப்எஸ்ஸுக்கு ஒன்றும் மிஞ்சாது. முதலில் ஒரு மாறியில் வாங்கி வைத்து இரண்டுக்கும் கொடுக்க வேண்டும்.

ஸ்கிரிப்டுக்குள் நடக்கும் தவறுகள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இவை வரும். கருவிகளை ஒப்பிடும்போது, இவற்றில் எதை அது நமக்காகப் பார்த்துக்கொள்கிறது என்பதுதான் உண்மையான அளவுகோல்.

கமிட்டில் போவது ஸ்டேஜ் ஆனது, அதாவது “கிட் ஆட்” கொடுத்துச் சேர்த்து வைத்தது. டிஸ்கில் இருப்பது வேறாக இருக்கலாம். பிழையோடு ஸ்டேஜ் செய்துவிட்டு, டிஸ்கில் திருத்தி, மறுபடி ஸ்டேஜ் செய்யாமல் கமிட் கொடுத்தால், டிஸ்கைப் பார்க்கும் ஹூக் “சரி” என்று விட்டுவிடும். ஸ்டேஜ் ஆன உள்ளடக்கத்தை எடுக்க “கிட் ஷோ” கட்டளையில் கோப்பின் பெயருக்கு முன் முக்காற்புள்ளி போடுங்கள். அதை அப்படியே “பிஎச்பி -எல்” கட்டளைக்குள் செலுத்தலாம். கோப்புகளின் பட்டியலுக்கு “கிட் டிஃப் --கேச்ட் --நேம்-ஒன்லி --டிஃப்-ஃபில்டர்=ஏசிஎம்ஆர்”. அந்த ஃபில்டர் இல்லாவிட்டால் நீக்கிய கோப்பும் பட்டியலில் வந்து, இல்லாத கோப்பைத் தேடி ஹூக் விழும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கிலம் அல்லாத பெயர்களைக் கிட் இயல்பாக மேற்கோளுக்குள் எண்களாக மாற்றித்தான் காட்டும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் பின்சாய்வுக்கோடு 340, 256 அல்லது 257 என்று தொடங்கும் எண்கோவையாக வரும். “ரசீது.பிஎச்பி” என்று ஒரு கோப்பு இருந்தால், ஹூக் அந்த எண்கோவையையே பெயரென்று எடுத்துக்கொண்டு தேடும், கிடைக்காது. அடுத்து என்ன ஆகும் என்பது ஸ்கிரிப்டை எழுதியவர் கையில்: சிலர் எழுதியது விழும், சிலர் எழுதியது சோதிக்காமலே தாண்டிப் போகும். “-இசட்” விருப்பம் கொடுத்துப் பெயர்களைப் பூஜ்ய பைட்டால் பிரித்து வாங்குவதே சரியான வழி. “கோர்.கோட்பாத்” அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினாலும் தமிழ்ப் பெயர் தெரியும்; ஆனால் ஒவ்வொரு மெஷினிலும் அந்த அமைப்பை நம்ப வேண்டியிருக்கும். பூஜ்ய பைட்டில் பிரித்துப் படிக்க டேஷின் “ரீட்” உதவாது. இதற்கும் பேஷ் அல்லது பைத்தான்.

கமிட் செய்தியின் நீளத்தைப் பார்க்கும் ஹூக்கும் தமிழில் தடுமாறும். “திருநெல்வேலி” என்பது நம் கணக்கில் 6 எழுத்து. யூனிகோட் கணக்கில் 12 குறி. யூடிஎஃப்-8இல் 36 பைட். தலைப்பு 72க்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்து, பைட்டை எண்ணும் “டபிள்யூசி -சி” கட்டளையால் அளந்தால், “திருநெல்வேலி” என்று இரண்டு முறை எழுதி நடுவில் ஓர் இடைவெளி விட்டாலே வரம்பு தாண்டிவிடும். குறிகளை எண்ணும் “-எம்” விருப்பமும் லொகேல் (மெஷினின் மொழி அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக இருந்தால்தான் சரியாக எண்ணும். லொகேல் “சி” என்றிருந்தால் பைட்டைத்தான் எண்ணும். செய்தியைத் தமிழில் எழுதும் குழு இந்த விதியைப் பைத்தானில் எழுத வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

யூடிஎஃப்-8 சோதனைக்கு “ஐகான்வ்” கட்டளையில் இரு பக்கமும் யூடிஎஃப்-8 என்று கொடுத்து ஓட்டினால் போதும். கெட்ட பைட் இருந்தால் பூஜ்யம் அல்லாத எண் வரும். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி குறியாக்கத்தில் உள்ள பழைய கோப்பு இதில் சிக்கிவிடும். பாமினியில் அடித்தது சிக்காது. அது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. பைட்டளவில் அது குறையில்லாத யூடிஎஃப்-8. மொழிக் கோப்புகளில் யூனிகோட் தமிழ் எழுத்து ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கும் தனிச் சோதனை வைத்தால்தான் பாமினி அகப்படும்.

பேஷில் இன்னும் ஒன்று. பைப்புக்குப் பின் வரும் “வைல்” சுழல் துணை ஷெல்லில் ஓடுகிறது. அதற்குள் “எக்சிட் 1” என்றால் அந்தத் துணை ஷெல்தான் முடியும். ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடி, கடைசி வரியில் “சோதனை முடிந்தது” என்று எழுதிப் பூஜ்யத்தைத் திருப்பிவிடும். பிழைச் செய்தியும் திரையில் வரும், கமிட்டும் நடந்துவிடும். புதிதாக எழுதிய ஹூக்கை வேண்டுமென்றே பிழை வைத்து ஒரு முறையாவது சோதித்துப் பாருங்கள்.

மூன்று ஹூக் மேலாண்மைக் கருவிகள்

ஹஸ்கி, நோட் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் தளம்) உலகத்தது. “என்பிஎம் இன்ஸ்டால்” செய்யும்போது “ப்ரிபேர்” ஸ்கிரிப்ட் வழியாக ஹூக் தானாக அமைந்துவிடும். அதுதான் அதன் பலம். உள்ளுக்குள் அதுவும் கோர்.ஹூக்ஸ்பாத்தைத்தான் மாற்றுகிறது. எல்லாரும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குழுவுக்கு, லின்ட்-ஸ்டேஜ்டு என்ற துணையோடு, இதைவிட எளிது இல்லை. நம் ஆறு பேர் குழுவில் பிஎச்பி மட்டும் தொடுகிறவர் “என்பிஎம் இன்ஸ்டால்” தட்டவே மாட்டார். அவர் மெஷினில் ஹூக் இருக்காது. புரொடக்‌ஷன் சர்வரில் டெவலப்மென்ட் சார்புகளை விட்டு நிறுவும்போது ஹஸ்கி இல்லாமல் “ப்ரிபேர்” விழுந்து நிறுவலே நிற்கும்; அந்த வரியின் முடிவில் “|| ட்ரூ” சேர்த்தால் நிற்காது. கிட்டை ஜன்னல் வழியாக இயக்கும் செயலிகளில் என்விஎம் வழியாக நிறுவிய நோட் கண்ணில் படாமல் “கட்டளை இல்லை” என்று வருவதும் உண்டு. அந்தச் செயலிக்கு டெர்மினலின் பாத் தெரியாது என்பதே காரணம்.

ப்ரீ-கமிட் கட்டமைப்பு, ஹூக்கின் பெயரையே தன் பெயராக வைத்துக் குழப்புகிறது. பைத்தானில் எழுதியது, எந்த மொழிக்கும் பயன்படும். ஒரு யாமல் கோப்பில் எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு என்று எழுதினால், ஒவ்வொன்றுக்கும் தனிச் சூழலைத் தானே கட்டிக்கொள்ளும். அதனால் ஆறு மெஷினிலும் ஒரே பதிப்பு ஓடும். ஸ்டேஜ் ஆகாத மாற்றங்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் சோதிக்கும், பெயர்களைச் சரியாகக் கொடுக்கும். மேலே சொன்ன பள்ளங்களில் பாதியை இதுவே மூடிவிடுகிறது. சாவி தேடுவது, பெரிய கோப்பைத் தடுப்பது போன்றவை எழுதி வைத்தவையாகவே கிடைக்கின்றன. பெரிய கோப்பு என்பதற்கு இயல்பான வரம்பு 500 கேபி.

விலையும் உண்டு. முதல் கமிட்டின்போது சூழல்களை இறக்கிக் கட்டும்; மெதுவான நெட்டில் கமிட் அசையாமல் நிற்கும், கெட்டுப்போனது என்றே புதியவர் நினைப்பார். நல்ல நெட் இருக்கும் இடத்திலேயே “ப்ரீ-கமிட் இன்ஸ்டால் --இன்ஸ்டால்-ஹூக்ஸ்” கொடுத்துவிடுங்கள். கோப்பைத் திருத்தும் ஹூக் ஓடினால் கமிட் நிற்கும். மறுபடி ஸ்டேஜ் செய்து மறுபடி கமிட் செய்ய வேண்டும். அது பிழை இல்லை, வடிவமைப்பே அப்படி. கமிட்-எம்எஸ்ஜி ஹூக்கைத் தனியாக, “--ஹூக்-டைப்” கொடுத்து நிறுவ வேண்டும் என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹூக்ஸ்பாத் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் இது நிறுவ மறுத்துவிடும். ஆகவே ஹஸ்கியும் இதுவும் ஒரே ரெப்போவில் சேர்ந்து வாழாது.

லெஃப்ட்ஹூக் கோ மொழியில் எழுதிய ஒற்றைக் கோப்பு. பைத்தானும் வேண்டாம், நோடும் வேண்டாம். சோதனைகளை ஒரே நேரத்தில் இணையாக ஓட்டும்படி அமைக்கலாம். கோப்பு வகைப்படி பிரித்துக் கொடுக்கும்: பிஎச்பி கோப்பு மாறினால் பிஎச்பி சோதனை மட்டும். ஆனால் சோதனைக் கருவிகளை இது நிறுவித் தராது. ஒருவரிடம் பிஎச்பி 8.1, இன்னொருவரிடம் 8.3 என்றிருந்தால் முடிவும் வேறாக வரலாம்.

மூன்றில் எங்கள் தேர்வு, கலந்த மொழிகள் உள்ள குழுவுக்கு ப்ரீ-கமிட் கட்டமைப்பு. ஒரே பதிப்பு எல்லாரிடமும் இருப்பதுதான் ஆறு பேர் குழுவில் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும். ரெப்போ பெரிதாகி, ஹூக் ஓட ஐந்து வினாடிக்கு மேல் ஆனால் லெஃப்ட்ஹூக்கை யோசிக்கலாம். ஐந்து வினாடிக்கு மேல் காக்க வைக்கும் ஹூக்கை ஆட்கள் தவிர்க்கத் தொடங்குவார்கள். முழுச் சோதனைத் தொகுப்பைப் ப்ரீ-கமிட்டில் வைக்காமல் ப்ரீ-புஷ்ஷில் வைப்பதும் அதனால்தான்.

அணைக்கட்டு

சொந்த சர்வர் வைத்திருக்கும் குழுவுக்கு இங்கே முழு அதிகாரம் உண்டு. அலுவலகத்தின் பழைய டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்எச் வழியாக ஒரு “பேர்” ரெப்போ (கோப்புகளை விரித்து வைக்காமல் வரலாறு மட்டும் உள்ளது) இருந்தாலே போதும். அதன் “ஹூக்ஸ்” அடைவில் ப்ரீ-ரிசீவ் என்ற ஸ்கிரிப்ட் வைத்தால், ஒவ்வொரு புஷ்ஷுக்கும் அது ஒரு முறை ஓடும். பழைய ஹாஷ் (கமிட்டின் அடையாளக் குறி), புதிய ஹாஷ், பிராஞ்சின் பெயர் என்று வரிவரியாக உள்ளீடு வரும். மறுத்தால் அந்தப் புஷ் முழுவதும் தள்ளுபடி. அப்டேட் ஹூக் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனியாக ஓடும். மறுத்த பிராஞ்ச் மட்டும் நிற்கும், மற்றவை ஏறிவிடும். “மெயின் பிராஞ்சில் இவர் மட்டும் புஷ் செய்யலாம்” போன்ற விதிக்கு அப்டேட், பாஸ்வேர்டு போன்ற விதிக்குப் ப்ரீ-ரிசீவ்.

பழைய ஹாஷ் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் அது புதிய பிராஞ்ச். புதிய ஹாஷ் பூஜ்யமாக இருந்தால் பிராஞ்சை நீக்குகிறார்கள். “பழையது..புதியது” என்ற வரம்பை மட்டும் நம்பி எழுதிய ஹூக் இரண்டிலும் விழும். “கிட் ரெவ்-லிஸ்ட்” கட்டளையில் புதிய ஹாஷைக் கொடுத்து “--நாட் --ஆல்” சேர்த்தால், சர்வரில் இதுவரை இல்லாத கமிட்டுகள் மட்டும் வரும். புதிய பிராஞ்சுக்கும் பழைய பிராஞ்சுக்கும் அதே வரி போதும். கடைசிக் கமிட்டை மட்டும் பார்த்தால் போதாது. பாஸ்வேர்டை மூன்றாவது கமிட்டில் சேர்த்து நான்காவதில் நீக்கியிருந்தாலும் வரலாற்றில் அது இருக்கும்.

2016 நவம்பரில் வந்த கிட் 2.11 முதல், ப்ரீ-ரிசீவ் முடியும்வரை புதிய பொருள்கள் தனி அடைவில் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. மறுத்தால் அவை அப்படியே நீக்கப்படும். ஆனால் மறுப்பதற்கு முன்பே எல்லாம் மேலேறி முடிந்திருக்கும். தவறுதலாகச் சேர்த்த 200 எம்பி டேட்டாபேஸ் டம்ப் மொபைல் டேட்டாவில் முழுதும் ஏறி, அதன்பின்தான் “முடியாது” என்ற பதில் வரும். “ரிசீவ்.மேக்ஸ்இன்புட்சைஸ்” அமைப்பில் ஒரு வரம்பு கொடுத்தால் பாதியிலேயே துண்டித்துவிடும். அளவுச் சோதனையை மடையிலும் அணைக்கட்டிலும் சேர்த்தே வைக்க வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

போஸ்ட்-ரிசீவ் எதையும் தடுக்காது. தகவல் அனுப்பவும் சர்வரில் புதிய பதிப்பை இறக்கவும் அது. அது முடியும்வரை புஷ் செய்தவரின் டெர்மினல் காத்திருக்கும். அதற்குள்ளிருந்து வேறொரு ரெப்போவில் கிட் கட்டளை ஓட்டும்போது முதலில் “கிட்_டிர்” மாறியை நீக்குங்கள். இல்லாவிட்டால் அந்தக் கட்டளை மறுபடி பேர் ரெப்போவிலேயே போய் விழும்.

கிட்ஹப் இணையதளத்தில் ரெப்போ வைத்திருப்பவர்கள் சொந்தப் ப்ரீ-ரிசீவ் எழுத முடியாது; நிறுவனம் தானே நிறுவிக்கொள்ளும் என்டர்பிரைஸ் சர்வர் பதிப்பில்தான் அந்த வசதி. கிட்லேபைச் சொந்தமாக நிறுவினால் சர்வர் ஹூக் வைக்கலாம். கிட்டீயாவில் இணையப் பக்கம் வழியாக ஹூக் எழுதுவது இயல்பாக அடைக்கப்பட்டிருக்கிறது. ஹூக் எழுதும் அனுமதி என்பது அந்த சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டும் அனுமதிதான், ஆகவே அதை யோசித்துத்தான் திறக்க வேண்டும். கிட்ஹப்பில் மாற்று வழி சிஐ, அதாவது புஷ் ஆனதும் சர்வரில் தானாக ஓடும் சோதனை: அதே சோதனைகளை ஆக்‌ஷன்ஸில் ஓட்டி, அது தேறாமல் மெயினில் மெர்ஜ் ஆகக் கூடாது என்று பிராஞ்சைப் பாதுகாக்கலாம். தனிப்பட்ட ரெப்போவில் பிராஞ்ச் பாதுகாப்புக்குப் பணம் கட்டும் திட்டம் வேண்டும். செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ப்ரீ-ரிசீவும் சிஐயும் ஒன்றில்லை. சிஐ ஓடும்போது கமிட் ஏற்கெனவே சர்வருக்கு வந்துவிட்டது. பிஎச்பி பிழைக்கு அதனால் நஷ்டமில்லை. பாஸ்வேர்டுக்கு உண்டு: சிஐ கண்டுபிடித்த பாஸ்வேர்டு வெளியே போன பாஸ்வேர்டு. முதலில் அதை மாற்ற வேண்டும், பிறகுதான் வரலாற்றைச் சுத்தம் செய்வது பற்றிப் பேச வேண்டும்.

கிட்டைப் போன்ற இன்னொரு கருவியான சப்வெர்ஷனில் ஹூக் எல்லாமே சர்வரில்தான். மடை என்ற பேச்சே இல்லை. அங்கே ஹூக் காலியான சூழலில் ஓடும், பாத்கூட இருக்காது; ஒவ்வொரு கட்டளைக்கும் முழு முகவரி எழுத வேண்டும். மெர்க்குரியலில் ஹூக்கை அமைப்புக் கோப்பில் எழுதுவார்கள், பைத்தான் செயல்கூறாகவே கொடுக்கலாம். குளோனோடு அதுவும் வராது.

ஆறு பேருக்கு எது

ரெப்போ கிட்ஹப்பில் இருந்தால்: ப்ரீ-கமிட் கட்டமைப்பில் நான்கு சோதனையும், அதே யாமல் கோப்பை வைத்துச் சிஐயில் “ப்ரீ-கமிட் ரன் --ஆல்-ஃபைல்ஸ்”. விதியை இரண்டு இடத்தில் எழுத வேண்டியதில்லை, முரண்படவும் வழியில்லை. கமிட் செய்தியில் வேலை எண் இருக்கிறதா என்பதை மட்டும் அந்தக் கட்டளை பார்க்காது. அதற்குச் சிஐயில் தனியாக ஒரு படி சேர்க்க வேண்டும். “--நோ-வெரிஃபை” தட்டியவரைச் சிஐ பிடிக்கும். பாஸ்வேர்டுக்கு இந்த ஏற்பாடு முழுக் காவல் இல்லை என்பதால், பாஸ்வேர்டைக் கோடிலேயே எழுதாமல் சூழல் மாறியிலிருந்து எடுக்கும்படி முதலில் மாற்றிவிடுங்கள்.

அலுவலகத்திலேயே சர்வர் இருந்தால்: பாஸ்வேர்டு, யூடிஎஃப்-8, வேலை எண் மூன்றும் ப்ரீ-ரிசீவில். அவற்றோடு பிஎச்பி சோதனையையும் சேர்த்து மெஷின்களில் கோர்.ஹூக்ஸ்பாத் வழியாக, ஐம்பது வரிக்குள் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். வெளிக் கருவி எதுவும் வேண்டாம். அந்த டெஸ்க்டாப்புக்கு ஒரு யுபிஎஸ்ஸும், வேறு இடத்தில் தினம் ஒரு நகலும் அவசியம்.

முதல் வாரம் ஹூக் எதையும் தடுக்காமல் எச்சரிக்கை மட்டும் தரட்டும். பழைய கோப்புகளில் எத்தனை சிக்குகின்றன என்பது அப்போது தெரியும். இரண்டாவது வாரத்திலிருந்து தடுக்கட்டும். தடுக்கும்போது “பிழை” என்று ஒற்றைச் சொல்லில் நிற்க வேண்டாம். தென்காசியில் தனியாக உட்கார்ந்திருப்பவர் யாருக்கும் போன் போடாமல் சரிசெய்யும்படி செய்தி இருக்க வேண்டும்: “இணைப்பு.பிஎச்பி, வரி 14: பாஸ்வேர்டு போலத் தெரிகிறது. மதிப்பைச் சூழல் கோப்புக்கு மாற்றி, இந்தக் கோப்பை மறுபடி ஸ்டேஜ் செய்து கமிட் கொடுக்கவும். பாஸ்வேர்டு இல்லையென்றால் விலக்குப் பட்டியலில் இந்த வரியைச் சேர்க்கவும்.”